ஆங்கிலப் பேச்சில் பின்னங்கள்: 'ஹாஃப்' எங்கே நிற்கும், 'ஆஃப்' எப்போது வரும்?

தேன்சிட்டு (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. ஆங்கிலப் பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பாடக்குறிப்பு தயாரித்து வருகிறேன். பின்னச் சொற்கள் வரும் இடத்தில் வேலை நகர மறுக்கிறது. கணக்கில் 1/2, 1/3, 1/4 எல்லாம் ஒரே வரிசை. பேச்சுக்கு வந்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்கிறது.

அரை மணி நேரம் என்பது 'ஹாஃப் அன் அவர்'. அப்படியானால் கால் மணி நேரம் ஏன் 'குவார்ட்டர் அன் அவர்' ஆகவில்லை? அங்கே மட்டும் ஏன் 'எ குவார்ட்டர் ஆஃப் அன் அவர்'? ஒன்றரை மணி நேரத்துக்கு 'ஒன் அண்ட் எ ஹாஃப் அவர்ஸ்' சரியா, 'அன் அவர் அண்ட் எ ஹாஃப்' சரியா? இவற்றுக்குப் பின்னால் 'இஸ்' போடுவதா, 'ஆர்' போடுவதா? 'டூ தேர்ட்ஸ்' பன்மை மாதிரி இருக்கிறதே, அதற்கு எப்போதும் 'ஆர்' தானா?

கடிகாரத்திலும் குழப்பம் உண்டு. 'ஹாஃப் ஃபோர்' என்றால் மூன்றரையா, நாலரையா? 'ரெடியூஸ்ட் பை எ தேர்ட்', 'ரெடியூஸ்ட் டு எ தேர்ட்' இரண்டும் ஒன்றென்றே பலர் எழுதுகிறார்கள். கடைசியாக 'நாட் ஹாஃப் பேட்' என்பது பாராட்டா, குறையா?

விதியோடு நிறுத்திவிடாமல், கற்பவர்கள் எந்த இடத்தில் தவறுவார்கள், ஏன் தவறுவார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

வேற்றுமை உருபு (பதில்)

முதல் கேள்வியில்தான் பாதி விடை இருக்கிறது. 'ஹாஃப்' பின்னச் சொல்தான் என்றாலும் இலக்கணத்தில் அது 'குவார்ட்டர்' இருக்கும் வரிசையில் உட்காருவதில்லை. அது 'ஆல்', 'போத்' ஆகிய சொற்களின் கூட்டாளி. 'ஆல் த புக்ஸ்', 'போத் த புக்ஸ்', 'ஹாஃப் த புக்ஸ்' என்று சொல்லிப் பாருங்கள். மூன்றும் 'த' என்பதற்கு முன்னால் நேராகப் போய் நிற்கின்றன. 'குவார்ட்டர்', 'தேர்ட்', 'ஃபிஃப்த்' எல்லாம் சாதாரணப் பெயர்ச்சொற்கள். 'எ பீஸ் ஆஃப் கேக்' என்பதில் 'பீஸ்' எப்படி நடக்கிறதோ, 'எ தேர்ட் ஆஃப் த கேக்' என்பதில் 'தேர்ட்' அப்படியே நடக்கிறது. முன்னால் 'எ' அல்லது 'ஒன்' வேண்டும், பின்னால் 'ஆஃப்' வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டைப் பாடத்தின் தொடக்கத்திலேயே வைத்துவிட்டால் முக்கால்வாசிச் சிக்கல் அங்கேயே தீரும்.

'எ ஹாஃப் அவர்', 'எ குவார்ட்டர் மைல்' என்ற வடிவங்களும் வழக்கில் உண்டு, அமெரிக்கர்களிடம் கூடுதலாக. அங்கே 'ஹாஃப் அவர்' முழுவதையும் ஒரே பெயர்ச்சொல்லாக எடுத்துக்கொள்கிறார்கள்; அதனால் 'எ' முன்னால் போய்விடுகிறது. 'ஐ வெயிட்டட் ஹாஃப் அவர்' என்று 'எ', 'அன்' எதுவுமே இல்லாமல் விடுவதுதான் தவறு. தமிழில் அரை மணி நேரம் காத்திருந்தேன் என்பதில் அந்த இடமே இல்லை. அதனால்தான் நம் வாயில் அது விழுந்துபோகிறது.

'ஹாஃப்' உடன் 'ஆஃப்' வருவதில் மூன்று நிலை உண்டு. 'த', 'மை', 'திஸ்' போன்ற சொல் அடுத்து வந்தால் 'ஆஃப்' விருப்பம்போல்: 'ஹாஃப் த மணி', 'ஹாஃப் ஆஃப் த மணி' இரண்டும் சரி. 'தெம்', 'அஸ்', 'இட்' போன்ற பதிலிப்பெயர் வந்தால் 'ஆஃப்' கட்டாயம். 'ஹாஃப் தெம்' என்று ஒருவரும் சொல்வதில்லை. 'எ மைல்', 'அன் அவர்', 'எ டசன்' போன்ற அளவு வந்தால் 'ஆஃப்' வேண்டாம். 'ஹாஃப் ஆஃப் அன் அவர்' புரியும், ஆனால் காதுக்கு இடறும்.

இனி 'இஸ்', 'ஆர்'. பின்னத்தின் வடிவத்தைப் பார்க்கவே வேண்டாம். 'ஆஃப்' என்பதற்குப் பின்னால் வரும் பெயர்ச்சொல்லைப் பாருங்கள். 'டூ தேர்ட்ஸ் ஆஃப் த வாட்டர் இஸ்', 'டூ தேர்ட்ஸ் ஆஃப் த பாட்டில்ஸ் ஆர்'. 'எ தேர்ட் ஆஃப் த பாட்டில்ஸ்' என்று பின்னம் ஒருமையாக இருந்தாலும் 'ஆர்' தான். 'கிளாஸ்', 'டீம்', 'பாப்புலேஷன்' போன்ற கூட்டுப்பெயர்களில் பிரிட்டன் வழக்கு இரண்டையும் ஏற்கும். அமெரிக்க வழக்கு 'டீம்' போன்றவற்றைப் பெரும்பாலும் ஒருமையாகவே நடத்தும்.

ஒன்றரைக்கு இரு வடிவமும் சரி. 'ஒன் அண்ட் எ ஹாஃப்' முன்னால் வந்தால் பெயர்ச்சொல் பன்மை: 'ஒன் அண்ட் எ ஹாஃப் அவர்ஸ்'. ஒன்றைத் தாண்டிவிட்டாலே ஆங்கிலத்தில் பன்மை. 'அன் அவர் அண்ட் எ ஹாஃப்' என்றால் 'அவர்' அந்த 'அன்' என்பதோடு ஒட்டியிருப்பதால் ஒருமை. மொத்த நேரத்தையும் ஒரே அளவாக நினைத்துப் பேசும்போது வினை இரண்டுக்கும் ஒருமைதான்: 'ஒன் அண்ட் எ ஹாஃப் அவர்ஸ் இஸ் இனஃப்'.

நம்மவர்கள் அதிகம் விடுவது நடுவில் உள்ள 'எ'. 'டூ அண்ட் ஹாஃப் அவர்ஸ்' என்கிறார்கள். 'டூ அண்ட் எ ஹாஃப்' என்பதே முழு வடிவம். இதையே அடைமொழியாக்கினால் 'அவர்ஸ்' தன் 'ஸ்' ஒலியை இழக்கும்: 'எ டூ அண்ட் எ ஹாஃப் அவர் ஃப்ளைட்'. எழுதும்போது அந்த ஐந்து சொல்லையும் இணைப்புக்கோடு போட்டுக் கோக்க வேண்டும். 'எ டூ தேர்ட்ஸ் மெஜாரிட்டி' மட்டும் 'ஸ்' ஒலியை விடாமல் வைத்திருக்கும். 'த்ரீ குவார்ட்டர் ஸ்லீவ்' விட்டுவிடும். இவை இரண்டையும் அப்படியே மனப்பாடம் செய்ய வைப்பதுதான் வழி.

மணிக்கூண்டு (பதில்)

கடிகாரத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

'ஹாஃப் ஃபோர்' பிரிட்டனிலும் அயர்லாந்திலும் பேச்சில் வரும் சுருக்கம். 'ஹாஃப் பாஸ்ட் ஃபோர்' என்பதில் 'பாஸ்ட்' விழுந்துவிட்டது, அவ்வளவுதான். ஆகவே 4:30. தமிழர்களுக்கு இது எளிது. நாலரை என்று நாமும் நாலோடு அரையைக் கூட்டித்தான் சொல்கிறோம். சிக்கல் ஜெர்மன் பேசுகிறவர்களோடு பேசும்போது வரும். அவர்கள் மொழியில் 'ஹால்ப் ஃபியர்' என்றால் நாலை நோக்கிப் பாதி வழி, அதாவது 3:30. டச்சுக்காரர்களும் அப்படியே. அவர்கள் ஆங்கிலத்தில் 'ஹாஃப் ஃபோர்' என்றால் எதை நினைத்துச் சொன்னார்கள் என்று கேட்டுவிடுவது நல்லது. அமெரிக்கர்களுக்கு இந்தச் சுருக்கம் பழக்கமில்லை. அவர்களிடம் 'ஃபோர் தேர்ட்டி' என்றே சொல்லுங்கள்.

'குவார்ட்டர்' விஷயத்தில் பொறி வேறு இடத்தில் இருக்கிறது. 'குவார்ட்டர் டு ஃபோர்' 3:45, 'குவார்ட்டர் பாஸ்ட் ஃபோர்' 4:15. இவை எங்கும் புரியும். அமெரிக்காவில் 4:15-க்கு 'குவார்ட்டர் ஆஃப்டர் ஃபோர்' என்றும், 3:45-க்கு 'குவார்ட்டர் ஆஃப் ஃபோர்' என்றும் கேட்கலாம். 'ஆஃப்டர்', 'ஆஃப்' இரண்டும் வேகப் பேச்சில் ஒன்றுபோல் விழுந்தால் அரை மணி நேரம் பிசகிவிடும். கற்பவர்களுக்கு இதைக் காதால் புரிந்துகொள்ள மட்டும் சொல்லிக்கொடுங்கள். தாங்கள் பேசும்போது 'டு', 'பாஸ்ட்' போதும்.

'எ குவார்ட்டர் பாஸ்ட்' என்று 'எ' சேர்க்கலாம், விடலாம். 'எ ஹாஃப் பாஸ்ட்' கிடையாது. 'ஹாஃப் டு' என்பதும் கிடையாது. இருபது நிமிடம் ஒரு மணியில் மூன்றில் ஒரு பங்கு என்றாலும் 'தேர்ட் பாஸ்ட்' என்று யாரும் சொல்வதில்லை. 'ட்வென்டி பாஸ்ட்' தான்.

சதவீதன் (பதில்)

'பை', 'டு' வேறுபாடு பலருக்கு ஏன் பிடிபடுவதில்லை என்றால், பழகும் முதல் பின்னம் பாதியாக இருப்பதுதான் காரணம். 900-ஐப் பாதியளவு குறைத்தாலும் 450, பாதியாகக் குறைத்தாலும் 450. 'பை ஹாஃப்', 'டு ஹாஃப்', 'இன் ஹாஃப்' மூன்றுக்கும் ஒரே விடை. எந்தச் சொல்லைப் போட்டாலும் தப்பித்துவிடலாம். பாதியை விட்டு வேறு பின்னத்துக்குப் போனதும் பிடிபட்டுவிடும்.

அதே 900-ஐ எடுத்துக்கொள்வோம். 'ரெடியூஸ்ட் பை எ தேர்ட்' என்றால் போனது 300, மீதி 600. 'ரெடியூஸ்ட் டு எ தேர்ட்' என்றால் நின்றது 300, போனது 600. 'பை' போனதைச் சொல்லும், 'டு' நின்றதைச் சொல்லும். பயிற்சியில் பாதியை வைத்து எடுத்துக்காட்டு கொடுக்கவே கொடுக்காதீர்கள். மூன்றில் ஒன்றில் தொடங்குங்கள்.

இதோடு ஒட்டிய இன்னொன்று: 300 மூன்றில் ஒரு பங்கு கூடினால் 400. அந்த 400 மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் 300-க்குத் திரும்பாது, 267 அளவுக்கு இறங்கிவிடும். திரும்பி 300 ஆக 'பை எ குவார்ட்டர்' குறைய வேண்டும். 'அப் எ தேர்ட்', 'டௌன் எ தேர்ட்' என்று செய்தியில் அடுத்தடுத்து வந்தால் பழைய நிலைக்கு வந்துவிட்டது என்று பொருள் கொள்ளக் கூடாது.

அடுத்து 'அகெய்ன்' சேரும் தொடர். இதைப் பெரும்பாலான பாடங்கள் தொடுவதே இல்லை. 400 என்பதை அடிப்படையாக வைத்தால், 'ஹாஃப் அஸ் மச்' 200. 'ஹாஃப் அஸ் மச் அகெய்ன்' 600. 'அஸ் மச் அகெய்ன்' 800. இங்கே 'அகெய்ன்' மறுபடியும் என்ற பொருளில் வரவில்லை. அதற்கு மேல் கூடுதலாக என்ற பொருளில் வருகிறது. முதலில் இருந்தது அப்படியே இருக்க, அதன் பாதி மேலே சேர்கிறது. அமெரிக்கர்கள் வரிசை மாற்றி 'ஹாஃப் அகெய்ன் அஸ் மச்' என்பார்கள். தொகை அதே 600. கடைசிச் சொல்லைக் கவனிக்காமல் 200 என்று எடுத்துக்கொண்டால் மூன்று மடங்கு பிழை.

வணிக அறிக்கையில் 'குவார்ட்டர்' இன்னொரு வேலையும் செய்கிறது: மூன்று மாத காலம். 'சேல்ஸ் ஃபெல் பை த்ரீ குவார்ட்டர்ஸ்' என்றால் விற்பனை முக்கால் பங்கு விழுந்துவிட்டது. 'சேல்ஸ் ஃபெல் ஃபார் த்ரீ குவார்ட்டர்ஸ்' என்றால் ஒன்பது மாதம் தொடர்ந்து விழுந்தது. 'இன் த தேர்ட் குவார்ட்டர்' என்றால் ஆண்டின் மூன்றாம் காலாண்டில். 'பை', 'ஃபார்', 'இன்' தான் பொருளை முடிவு செய்கின்றன, பின்னச் சொல் அல்ல.

'எ ஃப்ராக்ஷன் ஆஃப் த காஸ்ட்' பற்றியும் ஒரு வரி. கணக்கில் 9/10 கூடப் பின்னம்தான். அன்றாட ஆங்கிலத்தில் 'எ ஃப்ராக்ஷன் ஆஃப்' என்றால் மிகச் சிறிய பங்கு மட்டுமே. பத்தில் ஒன்பது பங்கு விலையைக் குறித்து அப்படி எழுதினால் வாசகர் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார்.

தேன்சிட்டு

மூவருக்கும் நன்றி. பாதியை எடுத்துக்காட்டாக வைக்காதே என்ற குறிப்பு மிகவும் பயன்பட்டது. என் குறிப்பில் எல்லா எடுத்துக்காட்டும் பாதியாகவே இருந்தன, மாற்றிவிட்டேன். மரபுத்தொடர் பக்கம் யாராவது வருவீர்களா? அதோடு 'தேர்ட்', 'ஃபிஃப்த்' போன்றவை மூன்றாவது, ஐந்தாவது என்றும் பொருள்படுகின்றனவே, கேட்பவர் எப்படிப் பிரித்தறிவது?

சொல்வலை (பதில்)

'நாட் ஹாஃப் பேட்' பாராட்டுதான். எதிர்பார்த்ததைவிட நன்றாக இருக்கிறது என்று அடக்கிச் சொல்வது. ஆனால் இதை வைத்து 'நாட் ஹாஃப்' வந்தால் பாராட்டு என்று பொதுவாக்கிவிடாதீர்கள். 'நாட் ஹாஃப் அஸ் குட் அஸ்' என்றால் அதன் கால்தூசிக்கு வராது என்கிற அளவுக்குக் குறை சொல்வது. பிரிட்டன் பேச்சில் 'ஹி டிடன்ட் ஹாஃப் ஷௌட்' என்றால் அவர் போட்ட சத்தம் கொஞ்சநஞ்சமல்ல என்று பொருள். இலக்கணப்படி எதிர்மறை, பொருளோ நேர்மறையின் உச்சம். அங்கே ஒருவர் கேள்விக்குப் பதிலாக 'நாட் ஹாஃப்!' என்று மட்டும் சொன்னால், பின்னே இல்லாமலா என்கிறார்.

மரபுத்தொடர்களில் 'ஹாஃப்' பெரும்பாலும் 50 சதவீதத்தைக் குறிப்பதில்லை என்பதை முதலில் மனத்தில் பதிய வைக்க வேண்டும். அது இரண்டு திசைகளில் சாய்கிறது. பெயரடையோடோ பெயர்ச்சொல்லோடோ நேராக ஒட்டும்போது முழுமை இல்லாததைக் காட்டும்: 'ஹாஃப் பேக்ட் ஐடியா' சரியாக யோசிக்காத திட்டம், 'ஹாஃப் ஹார்ட்டட்' மனமில்லாமல் செய்தது, 'ஹாஃப் ட்ரூத்' உண்மையின் ஒரு பகுதியை மட்டும் சொல்லி ஏமாற்றுவது. 'த' சேர்ந்து பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்கும்போது பெரும்பங்கு என்று பொருள் தரும்: 'ஹாஃப் த பேட்டில்' என்றால் கடினமான பகுதி முடிந்த மாதிரி, 'ஹாஃப் த டைம்' என்றால் அடிக்கடி. 'ஹாஃப் த டைம் ஹி டசன்ட் லிசன்' என்பவர் எண்ணிப் பார்த்துச் சொல்லவில்லை, சலித்துக்கொள்கிறார்.

'ஐ ஹேவ் ஹாஃப் எ மைண்ட் டு கம்ப்ளெய்ன்' என்பதைத் தயக்கம் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது தயக்கமில்லை. புகார் கொடுத்தே விடலாம் போலிருக்கிறது என்ற எரிச்சல். தயக்கத்தைச் சொல்ல வேண்டுமானால் 'இன் டூ மைண்ட்ஸ்' இருக்கிறது. இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் எதிரில் இருப்பவர் மிரட்டப்பட்டதாக நினைக்க வாய்ப்புண்டு.

'டூ க்ளெவர் பை ஹாஃப்' கண்டிப்பான குறை. தன் சாமர்த்தியத்தைக் காட்டிக்கொள்கிறவர்மீது வரும் எரிச்சல். இதைப் புகழுரையாக எழுதிவிடுவது கற்பவர்கள் செய்யும் பெரிய பிழை. 'பை ஹாவ்ஸ்' என்று பன்மையில் வந்தால் கதையே வேறு: 'ஷி நெவர் டஸ் எனிதிங் பை ஹாவ்ஸ்', எதையும் அரைகுறையாகச் செய்யாதவர் என்ற மதிப்பு. 'அண்ட் எ ஹாஃப்' கடைசியில் வந்தால் மிகுதி: 'தட் வாஸ் எ மேட்ச் அண்ட் எ ஹாஃப்' என்றால் ஒன்றரை ஆட்டம் நடந்ததாகப் பொருளில்லை, அசாதாரணமான ஆட்டம். இதே 'அண்ட் எ ஹாஃப்' நேரத்தோடு வந்தால் உண்மையாகவே அரையைக் குறிக்கலாம். 'எ டே அண்ட் எ ஹாஃப்' ஒன்றரை நாளும் ஆகலாம், மறக்க முடியாத நாளும் ஆகலாம். பேசுபவர் 'டேக்ஸ்' என்ற வினையோடு சொன்னாரா, 'வாஸ்' உடன் வியந்து சொன்னாரா என்பதைப் பார்க்க வேண்டும்.

உறவுமுறையில் ஒன்று: 'ஹாஃப் பிரதர்' தாயாலோ தந்தையாலோ ஒரு வழியில் மட்டும் இரத்த உறவுள்ள சகோதரர். 'ஸ்டெப் பிரதர்' என்பவருக்கு இரத்த உறவே இல்லை. பெற்றோரின் மறுமணத்தால் வந்த உறவு. படிவம் நிரப்பும்போது இவை இரண்டையும் மாற்றினால் சட்டப் பொருளே மாறிவிடும்.

அங்குலம் (பதில்)

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் 'ஹாஃப்', 'குவார்ட்டர்' தவிர மற்ற பின்னங்களுக்குத் தனிச்சொல் இல்லை. வரிசை எண்ணையே கடன் வாங்கிக்கொள்கிறது. பிரித்தறிய இரண்டு அடையாளம் போதும். பின்னால் 'ஆஃப்' வந்து முன்னால் 'எ' அல்லது எண் இருந்தால் பெரும்பாலும் பின்னம்: 'எ ஃபிஃப்த் ஆஃப் த புக்'. நேராகப் பெயர்ச்சொல் வந்தால் வரிசை: 'த ஃபிஃப்த் புக்'. இறுதியில் 'ஸ்' வந்து முன்னால் எண் இருந்தால் சந்தேகமே வேண்டாம், பின்னம்தான். 'தேர்ட் பார்ட்டி', 'ஃபிஃப்த் வீல்' எல்லாம் வரிசை.

நான்கில் ஒன்றுக்கு மட்டும் இரண்டு சொல் கிடைக்கிறது. அமெரிக்காவில் 'த்ரீ ஃபோர்த்ஸ்' என்பதையும் கேட்கலாம். பிரிட்டனில் 'த்ரீ குவார்ட்டர்ஸ்' தான் இயல்பு.

அங்குல அளவு பயன்படும் கருவிகளில் இந்தக் கடன் நன்றாகவே சிக்கலாகும். அங்குலத்தைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போவதால் 1/8, 1/16, 1/32, 1/64 என்று வரும். 5/8 'ஃபைவ் எய்த்ஸ் ஆஃப் அன் இன்ச்'. 1/32 என்பதை 'ஒன் தேர்ட்டி செகண்ட்' என்று படிக்க வேண்டும். 'செகண்ட்' என்பது தனியாக 1/2-ஐக் குறிக்காது. ஆனால் 32, 42 போன்ற எண்களின் கடைசியில் வந்தால் பின்னமாகவே நிற்கும். காலத்தைக் குறிக்கும் 'செகண்ட்' உடன் மோதுவதும் இங்கேதான். 'எ தேர்ட்டி செகண்ட் கேப்' என்று காதில் விழுந்தால் முப்பது விநாடி இடைவெளி என்றுதான் யாரும் புரிந்துகொள்வார்கள். அங்குலத்தைச் சொல்கிறீர்கள் என்றால் 'ஆஃப் அன் இன்ச்' சேர்த்தே ஆக வேண்டும்.

எழுதும்போது இணைப்புக்கோட்டின் இடம் மதிப்பையே மாற்றும். 'ட்வென்டி', 'டூ' இரண்டையும் கோட்டால் சேர்த்து 'ஹண்ட்ரட்த்ஸ்' எழுதினால் 22/100. கோட்டை 'டூ', 'ஹண்ட்ரட்த்ஸ்' நடுவே போட்டால் 20/200. முன்னது 0.22, பின்னது 0.1. வாயால் சொல்லும்போது கோடு கேட்காது. அதனால் கீழ் எண் பெரிதாகிவிட்டால் 'ஓவர்' போட்டுப் படிப்பதே பாதுகாப்பு: 'த்ரீ ஓவர் ஃபார்ட்டி செவன்'.

எய்த் என்பதை எழுதும்போது எட்டைக் குறிக்கும் சொல்லோடு 'எச்' எழுத்து ஒன்றை மட்டும் சேர்த்தால் போதும். இரண்டாவது 'டி' கிடையாது. முன்னால் 'எ' வராது, 'அன்' வரும். 'ஹாஃப்', 'ஹாவ்ஸ்' இரண்டிலும் 'எல்' எழுத்துக்கு ஒலியே இல்லை.

நிலவின் 'ஃபர்ஸ்ட் குவார்ட்டர்' பற்றியும் யாராவது கேட்கத்தான் செய்வார்கள். அன்று வானத்தில் தெரிவது பாதி ஒளிர்ந்த வட்டம். பெயரில் உள்ள கால், ஒளிர்ந்த பரப்பைக் குறிக்கவில்லை. அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரையுள்ள சுற்றில் நிலவு கால் பங்கு கடந்திருக்கிறது என்பதைக் குறிக்கிறது. விளையாட்டில் 'குவார்ட்டர் ஃபைனல்' கூட ஒரே ஆட்டத்தின் பெயர்: அந்தச் சுற்றில் அப்படி நான்கு ஆட்டங்கள், எட்டு அணிகள். 'செமி ஃபைனல்' இரண்டு ஆட்டங்கள், நான்கு அணிகள். நான்கு அணிகள்தான் மிஞ்சியிருக்கின்றன என்று நினைத்துக் கால் இறுதி என்று எழுதிவிடுகிறார்கள். எண்ண வேண்டியது ஆட்டங்களை.